பாரில் ஒட்டிய பாசி

செலீனாக்காவுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. அதுவும் அக்கரையில் கற்றது. தொண்ணூறில் வள்ளமேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர், பிற்காலத்தில் அங்கே கூலிக்குக் கடற்பாசி கட்டினார். விரல் நீளத் துண்டுகளைக் கயிற்றில் முடிந்து, மூங்கில் மிதவையில் கட்டிக் கடலில் விட்டால் ஒன்றரை மாதத்தில் கூடை கூடையாக வளரும். காயவைத்துக் கொடுத்தால் கொம்பனிக்காரர் எடுப்பார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் சொந்த ஊரான வங்காலைக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலில் மூன்று மாரியைக் கழித்தார். அப்போதுதான் உதவித் திட்டத்துக்காரர் சிலர் வந்து, மீள்குடியேறிய பெண்களில் பாசி வளர்க்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். அக்கா கையைத் தூக்கினார். அந்தக் கையைத் தூக்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனை தரம் சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் பழக்கிய நான்கு பெண்களில் நானும் ஒருத்தி. என் புருஷன் கடைசிச் சண்டையோடு போனவர். இரண்டு பிள்ளைகள். பாசி எங்களுக்கு இரண்டு வருடம் சோறு போட்டது. அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

பதினாறாம் ஆண்டு பங்குனியிலேயே கடல் சுட்டது. முழங்காலளவு தண்ணீரில் நின்றால் கஞ்சிப்பானைக்குள் காலை விட்ட மாதிரி இருந்தது. சித்திரையில் மிதவைப் பாசி நுனியிலிருந்து வெளுத்து, தொட்டால் கழன்று விழுந்தது. கரைக்கு அருகே பவளம் வளர்ந்து திட்டாகிக் கிடந்த முருகைக்கல் பாரும் வெளுத்துப்போனது. அக்காவின் புருஷன் அருளப்பு அண்ணை அந்தப் பாரில்தான் மீன்கூடு வைப்பார். வெறுங்கூட்டோடு வந்து வள்ளத்தடியில் குந்தியிருப்பார். திட்டத்துக்காரர் மேசை கதிரையை ஏற்றி, கந்தோரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விதைப்பாசி ஒரு பிடி இருந்தால் போதும், மறுபடி தொடங்கலாம் என்று நாங்கள் கரையெல்லாம் தேடினோம்.

"எல்லாம் செத்துப்போச்சு, விடுங்கோ பிள்ளையள்," என்றார் அக்கா.

கடல் வற்றியிருந்த ஒரு விடியற்காலை மட்டி பொறுக்கப் போனேன். அக்கா தாழைப் பற்றைக்குப் பின்னால் மணலில் கிடங்கு தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச்சாக்கு. அதற்குள் பாசி, பச்சைப் பசேலென்று, உயிரோடு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. "என்ர பிள்ளையள் கஞ்சி குடிக்குதுகள். நீங்கள் விதையைப் புதைக்கிறியளோ?"

அவர் மண்வெட்டியை விடாமலே சொன்னார். "மிதவையில இருந்து கழண்ட துண்டுகள், பிள்ளை. பாரின்ர வெளிப்பக்கம் கழுத்தளவுத் தண்ணி, நீரோட்டம் இருக்கு, சூடு குறைவு. அங்க போய் ஒட்டி வளருது. உயிரோட மிஞ்சின கல்லையும் மூடிப்போட்டுது. மூடினால் கல்லு சாகும், மீனும் வராது. அக்கரையிலயும் இப்பிடித்தான் ஒரு தீவுப்பக்கம் மூடினது. நான் கண்டனான்."

"கண்டுபோட்டு ஏன் இங்க கொண்டந்தனீங்கள்?"

"எனக்கு வேற என்ன தெரியும்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு மாதமாக நித்திரையில்லாத முகம். விரல் நகமெல்லாம் கல்லில் உரசி இரத்தம் கட்டியிருந்தது.

இரக்கம் வந்தது. ஆனாலும் சாக்கைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அவர் மறிக்கவில்லை.

அன்று பின்னேரம் நானும் என்னோடு பாசி பழகிய பூமணியும் கயிற்றை விரித்துக் கட்டத் தொடங்கினோம். வாசலில் நிழல் விழுந்தது. அக்கா. திட்டப் போகிறார் என்று குனிந்துகொண்டேன். அவர் எங்களுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி அமர்ந்து, நான் போட்ட முடிச்சை அவிழ்த்து, இரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்கினார்.

"ஒண்டும் கழண்டு போகப்படாது," என்றார். அவ்வளவுதான். இருட்டும்வரை மூவரும் கட்டினோம்.

இரண்டாம் வாரம் மிதவையில் அந்தப் பாசியும் வெளுத்தது. இரண்டு சுற்று முடிச்சுக்குள் வெறும் சளி மட்டும் மிஞ்சியிருந்தது. நாங்கள் பொத்திப் பொத்தி வளர்த்த இடத்தில் அது செத்தது. வேண்டாத இடத்தில், பாரில், நன்றாக இருந்தது.

பூமணி வெளியூருக்குத் தையல் வேலைக்குப் போனாள். நான் கருவாட்டு வாடியில் மீன் வெட்டப் போனேன்.

அக்கா இப்போதும் வற்று நாட்களில் சாக்கோடு பாருக்குப் பாசி பிடுங்கப் போகிறார். ஒரு முறை கேட்டேன், "இது எப்பவாவது முடியுமோ அக்கா?"

"ஒரு சின்னத் துண்டு மிஞ்சினாலும் திரும்ப வரும். முடியாது," என்றார். சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

என் வீட்டிலும் ஒரு வெற்றுச் சாக்கு கிடந்தது. அன்று தூக்கிக்கொண்டு போன அதே சாக்கு. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து நானும் இறங்கினேன்.