சூப்பர்வைசருக்கு முழு மதிப்பெண்

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு மயிலாப்பூரில் ஒரு சிறிய அச்சகத்தில் சேர்ந்தேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள்தான். நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். பக்கத்து மேஜையில் ஓர் அக்கா பிழை திருத்துவார். பட்டினப்பாக்கத்துக்காரர். கொஞ்சம் திக்குவாய். முதல் எழுத்தில் திக்கி நிற்பார், பிறகு சரளமாகப் போய்விடுவார். இன்னொருவரோடு சேர்ந்து வாய்விட்டுப் படித்தால் அந்தத் தடங்கலும் வராது. அதனால் புரூஃப் பார்க்கும்போது நானும் கூடவே படிப்பேன். "உ-உன்னோட படிச்சா மட்டும் நாக்கு நல்லா ஓடுது பாரு" என்று சிரிப்பார்.

முதலாளி ஏதோ நிர்வாகப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். சின்னத் தொழில்களை அரித்துத் தின்பது வேலையாட்களின் நடத்தைதான், அதை அளந்தால்தான் திருத்த முடியும் என்று அங்கே சொன்னார்களாம். தாமதம், சொல்லாமல் லீவு, தாள் வீணாக்குவது, அச்சில் பிழை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும். மாதக் கடைசியில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். நல்ல மனிதர். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

முழு மதிப்பெண் எப்போதும் மிஷின் அறை சூப்பர்வைசருக்குத்தான். அவர் லீவு போட்டதில்லை, தாளை வீணடித்ததில்லை. ஆனால் அக்கா வாயைத் திறந்தால் போதும், மிஷின் அறையிலிருந்து அவர் குரல் வரும். "இன்னாம்மா, ப-ப-பத்திரிகையா? நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு கொயந்தையே பொறந்துடும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் அக்காவும் சிரித்தார். பிறகு ஃபோன் அடித்தாலே எழுந்து பின்பக்கம் போய்விடுவார். புரூஃபை மனசுக்குள் படிக்க ஆரம்பித்தார். "வாங்கக்கா, சேர்ந்து படிக்கலாம்" என்று கூப்பிட்டால், மிஷின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையசைப்பார்.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சார், சூப்பர்வைசர் தினமும் அக்காவைப் பழிச்சுக் காட்டறார். அவங்க பேசறதையே விட்டுட்டாங்க."

"அவர் என்னிக்காவது லேட்டா வந்திருக்காரா?"

"இல்லை சார்."

"வேலைல ஏதாவது தப்பு?"

"இல்லை சார். ஆனா..."

"விளையாட்டுக்குப் பேசறதும்மா அது. இதை நான் எதை வெச்சு அளக்கறது, நீயே சொல்லு?"

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். "அவங்களையே கூப்பிட்டுக் கேளுங்க சார்" என்றேன். கூப்பிட்டார். அக்கா வந்து நின்றார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சொல்கூட வரவில்லை.

"ஒண்ணும் இல்லையே?" என்றார் முதலாளி.

அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

ஆவணி முகூர்த்த நெருக்கடியில், அக்கா தனியாக மனசுக்குள் படித்துத் திருத்திய ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் அவருடைய அப்பா பெயர் அச்சாகிவிட்டது. மொத்தத்தையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அந்த மாதம் எல்லோரையும்விடக் குறைந்த மதிப்பெண் அக்காவுக்கு. அடுத்த மாதமும் அப்படியே. முதலாளி மனசில்லாமல்தான் அவரை அனுப்பினார். யாரால் தொழிலுக்குக் கேடு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நானும் நின்றுவிட்டேன். அடையாறில் வேறு வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் வாசலிலேயே நிறுத்தித் தணிந்த குரலில் கேட்டார்.

"அங்க இன்னாம்மா ஆச்சு? வூட்லகூட பேச மாட்டேங்குது. கோயில்ல பாடிக்கினு இருந்துச்சு, அதையும் வுட்டுடுச்சு. டாக்டரு தொண்டைல ஒண்ணும் இல்லைன்றாரு."

நடந்ததைச் சொன்னேன்.

"கிண்டல் பண்ணதுக்கா? அவ்ளோதானா?" திரும்பத் திரும்ப அதையே கேட்டார். அடித்தார்கள், திருட்டுப் பட்டம் கட்டினார்கள் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

உள்ளே அக்கா மீன் வறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. கையைப் பிடித்து உட்கார வைத்தார். தட்டில் சோறு போட்டு மீனை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன மகள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா உங்களை நல்லா சாப்பிடச் சொல்றாங்க" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.