பச்சை மைப் புள்ளடி

பிரெஞ்சு நாட்டுரிமை கிடைத்தபின் நான் முதல் தடவை வாக்களித்தது 2014ஆம் ஆண்டு, எங்கள் வட்டாரத்து மேயர் தேர்தலில். பாரிஸில், லா சப்பலில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள் அந்த முறை ஒரு பட்டியலில் நின்றாள். இங்கேயே பிறந்த பிள்ளை. எனக்கு வரும் கடிதங்களை வாசித்து, படிவங்களை நிரப்பித் தருவது அவள்தான். பட்டியலில் முதலாவதாக நிற்பவர்தான் அவர்களின் தலைவர், பட்டியல் வென்றால் மேயராக வருபவர். இவள் பெயர் கடைசிக்குக் கிட்ட இருந்தது.

"அன்ரி, தமிழ் ஆக்கள் வோட்டுப் போட வரமாட்டினம் எண்டு எங்கட தலைவர் சொல்லுறார். நீங்கள் கட்டாயம் வாங்கோ," என்றாள்.

நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். ஆனாலும் ஓம் என்றேன்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். மேசையில் ஒவ்வொரு பட்டியலும் தனித்தனித் தாளாக இருந்தது. தாள்களையும் உறையையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். அங்கே பென்சில் இல்லை. இலங்கையில், எங்கள் ஊரில், நூலில் கட்டி வைத்திருப்பார்கள். இவர்கள் மறந்துபோனார்கள் என்று நினைத்தேன். கேட்க வெட்கம். கைப்பையில் பச்சை மைப் பேனை ஒன்று கிடந்தது. பிள்ளையின் பெயரைத் தேடிப் பிடித்து, ஊரில் போடுவதுபோல அதன்மேல் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு கீறி, வடிவாக ஒரு புள்ளடி போட்டு, மடித்து உறையில் வைத்தேன்.

வெளியே வரிசையில் கோயிலில் பழக்கமான மூன்று பெண்கள் நின்றார்கள்.

"உள்ளை பென்சில் வைக்கேல்லை. இந்தாங்கோ," என்று பேனையை நீட்டினேன்.

"எங்கையக்கா போடுறது?"

"பிள்ளையின்ரை பேரிலை."

"பாத்தியளே, வாயே திறக்காத அக்காவுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கு!" என்றாள் ஒருத்தி. மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வாக்கு எண்ணுவதை யாரும் நின்று பார்க்கலாமாம். மாலையில் பிள்ளை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எண்ணியவர் ஒரு தாளை விரித்து, "நுல்" என்று சொல்லி ஒதுக்கி வைத்தார். செல்லாதாம். தாளில் பச்சைப் புள்ளடி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்படி நாலு. இந்த நாட்டில் விரும்பிய பட்டியலின் தாளை அப்படியே உறையில் போட வேண்டும், ஒரு கீறு விழுந்தாலும் வாக்குச் செல்லாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிள்ளையின் முகம் கறுத்துப்போயிற்று.

"நாலு பேர் என்ரை பேரை வெட்டியிருக்கினம் அன்ரி. என்னை அவ்வளவு பிடிக்கேல்லைப்போல."

வீட்டுக்கு வரும் வழியில் அவளே சொன்னாள். யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்கவில்லை, அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று, அதற்கு இன்னொரு பட்டியலோடு சேரப் போகிறார்கள், அதற்காகச் சில பெயர்களை எடுக்க வேண்டும், நாளைக்கே முடிவு. "பேரை வெட்டினதைத் தலைவரும் பாத்தவர். என்னைத்தான் முதல் எடுப்பார்." நான் கைப்பைக்குள் பேனையை இன்னும் அடியில் தள்ளினேன்.

மறுநாள் காலை அவர்களுடைய அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். கதவடியில் நின்று இரண்டு தரம் திரும்பினேன். பிறகு உள்ளே போய்விட்டேன். தலைவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளை ஒரு மூலையில் இருந்தாள். பச்சைப் பேனையை எடுத்து, அவர் முன்னால் கிடந்த கடுதாசியில் ஒரு புள்ளடி போட்டேன்.

"செ முவா," என்றேன். நான்தான் என்று. பிறகு புள்ளடியைத் தொட்டு, "வுய்! வுய்!" என்றேன். ஓம், ஓம் என்று. அவருக்கு விளங்கவில்லை. பிள்ளையிடம் திரும்பினேன்.

"ஊரிலை வெட்டுறதுக்கு இல்லைப் பிள்ளை, விருப்பமான ஆளுக்குத்தான் புள்ளடி போடுறது. நாலும் உனக்குத்தான். மற்ற மூண்டு பேருக்கும் பேனை குடுத்ததும் நான்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "உங்களை என்ன செய்யிறது அன்ரி!" என்று சொல்லி, தலைவருக்குப் பிரெஞ்சில் விளக்கினாள். அவர் புள்ளடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அந்தக் கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுத் தாளில் அவள் பெயர் இருந்தது, முந்தியதைவிட இரண்டு இடம் கீழே. அதற்குள் மூன்று பெண்களின் வீட்டுக்கும் போய், தாளில் ஒன்றும் கீறக்கூடாது என்று நான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும் மூவரும் கைகளை விரித்துக் காட்டினார்கள்.

"பாருங்கோக்கா, பேனை இல்லை!"

என்னிடமும் இல்லை. வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். திரைக்குப் பின்னால் அவள் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு, ஒரு கீறும் இல்லாத தாளை மடித்தேன்.