பேரில்லாத தெரு

எங்கள் குடியிருப்பில் தெருக்களுக்கெல்லாம் பட்டாசுகளின் பேர். சிவகாசிக்கு வெளியே, மூடிப்போன ஒரு கம்பெனியின் நிலத்தை மனை போட்டு விற்றார்கள். அங்கே வேலை பார்த்தவர்களே குடிவந்ததால், எந்த ஷெட் இருந்த இடமோ அதுவே தெருவின் பேராகிவிட்டது. சக்கரத் தெரு, பூச்சட்டித் தெரு, மத்தாப்புத் தெரு. ஷெட்டுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி இடையில் வேம்பு வைத்திருந்தார்கள். அதனால் தெருவெல்லாம் அகலம், நிழல். விளக்கேற்றும் நேரத்தில், யாரோ வந்து பற்றவைப்பதற்காக ஊரே காத்திருப்பதுபோல் தோன்றும்.

எங்கள் தெருவுக்கு மட்டும் பேரில்லை. அதில் எங்கள் வீட்டைத் தவிர வேறு வீடும் இல்லை. சின்ன வயதில், பள்ளிக்கூடத்தில் பூச்சட்டித் தெருப் பிள்ளைகளிடம் எனக்கு மரியாதையே கிடையாது. மாமாவிடம் கேட்டேன். எதைக் கேட்டாலும் கதை கட்டுகிறவர், அன்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "ஒங்கம்மாட்ட கேளு தாயி" என்றார்.

நானே வைத்துவிட்டேன். தெருமுனைக் கம்பத்தில் கரித்துண்டால் 'வாணவெடித் தெரு' என்று எழுதினேன். ஆக உயரம் போவது அதுதானே. மாமா வாசித்துவிட்டு, "ஒனக்கு யாரு சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன்.

வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கிய அம்மா கம்பத்தருகே நின்றாள். தூக்குவாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து, எழுத்தெழுத்தாகத் துடைத்தாள். திட்டவில்லை.

"இந்தத் தெருவுக்குப் பேரு இருக்கு தாயி. நாம வாய்விட்டுச் சொல்றதில்ல. அம்புட்டுத்தான்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் தெருவுக்கு ரகசியப் பேர் இருப்பதாகப் பெருமையடித்துக்கொண்டேன்.

போன வாரம் நகராட்சிக்காரர்கள் வந்து 'மல்லிகைத் தெரு' என்று பலகை நட்டார்கள். அன்று மத்தியானமே வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு பட்டாசு ஆலையில் வெடிச் சத்தம். காலேஜ் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த என் மகள் போனை எடுக்கும்வரை அந்தப் பலகையைப் பிடித்தபடி நின்றேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, சாமி படத்துக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் பிறக்குமுன் வேலைக்குப் போன இடத்தில் இறந்தவள் என்பது எனக்குத் தெரியும். எந்த இடம் என்று கேட்கத் தோன்றியதில்லை. ஊரே வேண்டாமென்று ஒதுக்கிய மனையை அம்மா ஏன் கேட்டு வாங்கினாள் என்றும் யோசித்ததில்லை. கொல்லையில் வாணவெடி ஷெட்டின் பழைய சிமென்ட் தளம் கிடந்தது. அம்மா தினமும் அதைக் கழுவிவிடுவாள். அதில் கட்டம் கீறிப் பாண்டி ஆடுவேன். அவள் வேலையை விட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்காருவாள். ஒற்றைக் காலில் நான் தாவும்போதெல்லாம் அவள் பார்த்தது என்னை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.