சந்தனம் வைத்த மாண்டலின்

அயர்லாந்துக்கு வந்த புதிதில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் தெருமுனை மதுக்கூடத்தில் நடக்கும் இசைக்கூட்டத்தைக் கேட்க உள்ளே போனேன். நாற்காலிக்கு அடியில் கிடந்த ஒரு வாத்தியப் பெட்டியில் என் கால் பட்டுவிட்டது. சட்டென்று குனிந்து, அதைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். பெட்டிக்குச் சொந்தக்காரர் பாட் என்ற பெரியவர். பதறிப்போய் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டி, கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா, தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வாத்தியத்தில் கால் பட்டால் எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் அது காலிப் பெட்டிதானே?" என்றார். மாண்டலின் மேசைமேல் பியர் கோப்பைக்குப் பக்கத்தில், ஈரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அதை எடுத்து, வாசித்துப் பார் என்று முன்பின் தெரியாத என்னிடம் நீட்டினார். வாத்தியத்தை இத்தனை சாதாரணமாகப் புழங்கும் ஊரும் உண்டா என்று எனக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் இளக்காரமாகவும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டத்தில்தான் என் மகள் ஆதிரை ஒன்பது வயதில் மாண்டலின் பிடித்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் ஷிவோன் என்ற பெண்மணி செய்த தட்டை மாண்டலின் ஒன்றை வாங்கினோம். நம் ஊர் மெல்லிசை மேடைகளில் பலர் பார்த்திருக்கக்கூடிய, பூசணியைப் பாதியாக அரிந்ததுபோல் முதுகு உப்பிய மாண்டலின் அல்ல இது. முன்னும் தட்டை, பின்னும் தட்டை. நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு துளை. முகத்துக்கு வெளிர்நிறத் தேவதாரு, முதுகுக்கு வால்நட். பளபளப்பும் இல்லை, வளைவு நெளிவும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்பளம் இடும் பலகைக்குக் கைப்பிடி வைத்ததுபோல் இருக்கும். வாசித்தால்தான் அதன் அருமை தெரியும். எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஒரு ஜோடியை எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் மயிரிழை வித்தியாசம் மிஞ்சும். அந்த வித்தியாசம்தான் நாதத்துக்கு ஒரு நடுக்கத்தைத் தருகிறது. முகமும் முதுகும் புடைக்க மரத்தைக் குடைந்து செய்த மாண்டலின்கள் அதட்டிப் பேசும். இது சமையலறையில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பெண்ணைப்போல் மெதுவாக, நேரம் எடுத்துக்கொண்டு ஒலிக்கும். மெல்லிய முகப்பலகையை உள்ளே ஒட்டிய விரற்கடை அகலச் சட்டங்கள் தாங்குகின்றன. தந்திகளைச் சுமக்கும் 'குதிரை' எனும் மரத்துண்டு எதிலும் ஒட்டப்படவில்லை. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. இதையெல்லாம் ஷிவோன் எங்களுக்குச் சொல்லித்தான் கொடுத்தாள். வெயிலில் வைக்காதீர்கள், பசை இளகிவிடும் என்றும் சொன்னாள். அயர்லாந்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று சிரித்தேன்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை சமயத்தில், கணவருக்கு விடுப்புக் கிடைக்காததால் ஆதிரையும் நானும் மட்டும் ஊருக்கு வந்தோம். மாண்டலினும் வந்தது. என் தம்பி செல்வம் காட்டுப்பாக்கத்தில் குடியிருக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டில் நெல்லைத் தமிழ், பள்ளியில் பாடப்புத்தகத் தமிழ். தம்பி பதினேழு வயதில் எஸ்டேட்டுக்குப் போனான், அதன் பேச்சைப் பிடித்துக்கொண்டான். நான் படித்துப் போனேன். மருத்துவக் கருவிகள் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனை என் வேலை. ஒரு கருவி பழுதானால் அதன் மூல காரணத்தைக் கண்டுபிடித்து, மழுப்பாமல் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வந்ததுமே செல்வம் பெட்டியைத் திறக்கச் சொன்னான். "இன்னாக்கா இது, மாண்டலின்னு சொன்னியேன்னு பாத்தா ரோடு ரோலர் ஏறுன மாதிரி கீது?"

"மாமா, இது அப்படித்தான். ஃப்ளாட்" என்றாள் ஆதிரை.

"அப்ப உங்கம்மா மூக்கு மாதிரின்னு சொல்லு" என்றான் அவன். அவள் அவனை அடிக்கத் துரத்தினாள். பிறகு அவளை வாசிக்கவைத்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் குதிரையை உற்றுப் பார்த்து, "இத்த ஒட்டவே இல்லியே கண்ணு. சும்மா அழுத்தத்துலயே நிக்குதா? டாப்பு வேலப்பா" என்றான். அதை எனக்குப் புரியவைக்க ஷிவோனுக்குக் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, தம்பியின் காரை எடுத்துக்கொண்டு குத்தம்பாக்கத்தில் புதுவீடு கட்டியிருக்கும் பள்ளித்தோழி வீட்டு விருந்துக்குப் போனோம். மகளை அங்கே வாசிக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளும் ஆசையில் மாண்டலினை எடுத்துவரச் சொன்னவள் நான். இறங்கும்போது, "எடுத்துக்கவாம்மா?" என்று அவள் கேட்டாள். "சாப்பிட்டுட்டு எடுத்துக்கலாம், இருக்கட்டும்" என்று சொன்னதும் நான்தான். மரமே இல்லாத புது மனைப்பிரிவு. பதினொன்றரை மணியிலிருந்து மூன்றரை வரை கண்ணாடி ஏற்றிய கார் வெட்டவெளியில் நின்றது. பேச்சுச் சுவாரசியத்தில் வாசிப்பது மறந்தே போயிற்று. திரும்பி வந்தபோது பெட்டியின் பித்தளைக் கொக்கி ஆதிரையின் விரலைச் சுட்டது. திறந்து பார்த்தோம். தந்திகள் சுருதி விலகியிருந்தன, வேறொன்றும் தெரியவில்லை. அவள் சுருதி கூட்டி மூடிவைத்தாள். நான் ஏசியைக் கூட்டினேன்.

ஆயுத பூஜையன்று, "உன் ஆயுதத்தையும் எடுத்தா கண்ணு" என்று செல்வம் கூப்பிட, அவள் ஆசையாகப் பட்டறைக்கு எடுத்துப்போனாள். நான் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கழுவித் துடைத்த லேத்துக்கு வாழைக்கன்று கட்டி, வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பானர் வரிசைக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, அவற்றோடு மாண்டலினுக்கும் வைத்திருக்கிறான். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் ஒரு நாள் முழுக்க அது அவனுடைய வெர்னியருக்குப் பக்கத்தில் ஓய்வெடுத்தது.

விஜயதசமி காலையில் எடுத்துவந்தான். கூடத்தில் அவன் மனைவி, மாமனார், மாமியார், பட்டறை ஆட்கள் இருவர். ஆதிரை தந்தியைத் தொட்டதும் உள்ளே வண்டு சிக்கியதுபோல் கரகரத்தது. பார்த்தால், துளையை ஒட்டி முகப்பலகை லேசாக உள்வாங்கியிருந்தது. அதன்மேல் காய்ந்த சந்தனமும் ஒரு பொட்டும்.

அந்த நொடியில் எனக்கு நினைவுக்கு வந்தது சுடும் பித்தளைக் கொக்கிதான். சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் முதலில் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஈரச் சந்தனத்தை மரத்துல அப்புனா என்ன ஆகும்னு தெரியாதாடா? இரும்பும் இதுவும் ஒண்ணா? எதைப் பார்த்தாலும் உன் பட்டறைச் சாமான்னு நெனப்பா?"

மாமனார் செய்தித்தாளை மடித்தார். செல்வம் மண்டியிட்டு, தன் புதுச்சட்டையின் நுனியால் பொட்டைத் துடைத்தான். அவசரத்தில் குங்குமம் துளையின் விளிம்பில், வார்னிஷ் பூச்சு இல்லாத வெறும் மரத்தில் ஏறிக்கொண்டது. "தப்புதான்க்கா. தெரில. பெரிய பொருளுன்னு மரியாதிக்கு வெச்சேன்" என்றான். ஆதிரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

விமான நிலைய வரிசையில்தான் கேட்டாள். "மாமாகிட்ட கார் விஷயம் சொல்லவே இல்லையேம்மா?"

"அதனாலதான்னு யார் சொன்னா?" என்றேன்.

ஷிவோன் சொன்னாள். பல்மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற சிறு கண்ணாடியைத் துளைக்குள் விட்டுப் பார்த்து, சட்டம் ஒன்று பசை விட்டிருக்கிறது, சூடான காரில் வைத்தீர்களா என்று கேட்டாள். நான் ஊரின் ஈரப்பதத்தைப் பற்றி ஏதோ தொடங்கினேன். "நான்கு மணி நேரம்" என்றாள் ஆதிரை. ஷிவோன் தலையாட்டிவிட்டு, விளிம்பில் இருந்த சிவப்பைப் பார்த்து, விரலை வெட்டிக்கொண்டாயா என்று அவளிடம் கேட்டாள். ரத்தம் இல்லை, மாமா பூஜையில் வைத்தது, அழிக்கவேண்டாம் என்றாள் இவள். "ஓ, மந்திரித்ததா! எங்கள் பாதிரியார் டிராக்டரைக்கூட மந்திரித்துத் தருவார்" என்று ஷிவோன் சிரித்தாள். புரிந்துகொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. சந்தனத்தின் ஈரத்தால் கெட்டதா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். மற்ற இடங்களில் பூச்சைத் தாண்டி எதுவும் இறங்கவில்லை, அந்தக் குழைவு ஒன்றுமே செய்யவில்லை என்றாள். மூல காரண அறிக்கை கையில் கிடைத்துவிட்டது. சேரவேண்டியவனிடம் நான் அதைச் சேர்க்கவில்லை. வாரம் தவறாமல் செல்வத்தோடு பேசினேன். மாண்டலின் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "தப்பிச்சேன்டா சாமி" என்றான். ஒரு வருடம் அப்படியே ஓடிற்று.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு, இங்கே விடிந்ததும் வீடியோவில் கூப்பிட்டான். கைபேசியைப் பட்டறையைச் சுற்றிக் காட்டினான். வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய் எல்லாம் இருந்தன. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வெள்ளைத்துணியில் சுத்தமாக, வெறுமையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் சந்தனப் பொட்டு.

"என்னடா இது?"

"நீதானக்கா சொன்ன, ஈரம் ஆவாதுன்னு. யோசிச்சு பாத்தேன், கரெக்டுதான். இத்தினி வருசம் விவரம் தெரியாம வெச்சிகினு இருந்திருக்கேன். பக்கத்துப் பட்டறைக்காரங்களாண்டயும் சொல்லிட்டேன். எங்கக்கா ஃபாரின்ல குவாலிட்டில கீது, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

ஆதிரை என் பக்கத்தில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. நான் சொன்னேன். குத்தம்பாக்கம், கார், கொக்கி, ஷிவோனின் கண்ணாடி, எல்லாவற்றையும். அன்றைக்கே எனக்குத் தோன்றியது என்பதையும்.

அவன் வெர்னியருக்குப் பக்கத்தில் இருந்த துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தான்.

"அப்ப சந்தனம் ஒண்ணியும் பண்லியா?"

"இல்லடா. என்னை மன்னிச்சிடு."

"அத்தினி பேரு முன்னாடி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். "சரிக்கா. பூசணிக்கா ஒடைக்கணும், ஆளுங்க நிக்கிறானுங்கோ." வைத்துவிட்டான்.

அதற்குப்பிறகும் பேசுகிறான். மழை, அவன் பையனின் பரீட்சை, காட்டுப்பாக்கம் போக்குவரத்து நெரிசல். "மரியாதையாக" என்று சொல்லலாம். என்னை மூக்கைச் சொல்லிக் கிண்டல் செய்வதில்லை. கருவிகளுக்குத் திரும்பப் பொட்டு வைத்தானா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. நான் மன்னிப்புக் கேட்டது ஒரு மாண்டலினுக்காக. அவனிடமிருந்து எடுத்தது அதுவல்லவே.

போன செவ்வாய்க்கிழமை ஆதிரையைக் கூட்டிக்கொண்டு மதுக்கூடத்துக்குப் போனேன். அவள் மாண்டலின் மேசைமேல் கிடந்தது, துளையின் விளிம்பில் சிவப்போடு. பாட் எழுந்து போகும்போது அவர் காலணி அதன் பெட்டியில் இடித்தது. அவர் வெகு இயல்பாகக் குனிந்து, தொட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டு போனார். என்னைப் பார்த்துப் பழகியது. இந்த மேசையில் இப்போது நாலைந்து பேர் அப்படிச் செய்கிறார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டபோது என் காலும் அதே பெட்டியில் பட்டது. குனிந்து தொட்டேன். கை பாதி தூரம் எழும்பி, அங்கேயே நின்றுவிட்டது.