காய விட்ட பதினைந்து நிமிஷம்

என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். லகர ளகரத்தோடு எனக்கு இன்றைக்கும் தகராறுதான். வாசிப்பவர்கள் கோபிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் என் பள்ளிக்கூடக் கொப்பியைத் திருத்தித் தந்தது அக்கா. அவள் போன பிறகு திருத்த ஆள் இல்லை. அவள் போன கதையைத்தான் எழுதப் போகிறேன். இதில் என் பங்கு என்னவென்று எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

மாத்தளைக்கு மேலே, மிளகும் கொக்கோவும் கலந்து நின்ற ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. வடக்கு கிழக்கில் சண்டை நடந்த காலம். அது எங்கள் பக்கம் இல்லை. ஆனால் செக்பாயின்ட் எங்கள் பக்கமும் இருந்தது.

அம்மாவின் தம்பி டவுனில் ஒரு கராஜில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் அந்த மாமாவுக்கு டோர்ச் பிடிக்கப் போவேன். ஒருநாள் டாக்டர் ஒருவரின் கார் விக்கி விக்கி நின்றது. மாமா எயார் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்துக் குழாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாமானை வெளியே எடுத்தார். அதன் வாய்க்குள் தலைமுடியை விட மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. எயார் ஃப்ளோ சென்சர் என்றார்.

"எஞ்சின் எவ்வளவு காத்து இழுக்குதுன்னு இதுதான் வண்டிக் கம்பியூட்டருக்குச் சொல்லும், மருமகனே. தூசி ஒட்டினா தப்பாச் சொல்லும். அதை நம்பி பெட்ரோல் அளவு மாறும். வண்டி விக்கும்."

அது கெட்டிருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார். எஞ்சின் ஓடும்போதே அதன் வயர் பிளக்கை உருவினார். விக்கல் குறைந்தது. அப்படியென்றால் குற்றம் இதில்தான். பிறகு ரேடியோ திருத்துகிற கடைக்காரர் வைத்திருக்கும் ஸ்ப்ரேயை வாங்கி வந்து, தள்ளிப் பிடித்து அந்தக் கம்பியில் அடித்தார். விரல் வைக்கக் கூடாது, துணி வைக்கக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. பதினைந்து நிமிஷம் நிழலில் காய வேண்டும். ஈரத்தோடு பூட்டினால் கம்பி செத்துவிடும். எல்லாவற்றையும் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு எனக்கு அப்படி ஏறவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வெள்ளை நிற ஜப்பான் கார் ஒன்று லயத்து வாசலுக்கு வந்தது. தோட்டத்து கிளாக்கர் ஐயாவின் சொந்தக்கார அம்மா ஒருவர் வந்திருந்தார். அக்காவைத் தன் வீட்டு வேலைக்குக் கூட்டிப் போக வந்தவர். அப்பாதான் சம்மதம் சொல்லியிருந்தார். மூன்று வேளையும் நல்ல சாப்பாடு, பின்னேரம் பள்ளிக்கூடம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை. அக்கா இரண்டு சட்டையையும் ஒரு கொப்பியையும் பையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

கார் மேட்டுப் பாதையில் புழுதி குடித்து ஏறியதாலோ என்னவோ, திரும்பிப் போகப் பார்த்தபோது விக்கியது. நாலடி போகும், நிற்கும். கறுப்புப் புகை வேறு. டிரைவர் சிங்கள அண்ணன் ஒருவர். ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார், கும்பிட்டும் பார்த்தார். நல்ல காலம், மாமா அன்று லீவில் வீட்டுக்கு வந்திருந்தார்.

"மச்சான், கொஞ்சம் பாத்துக் குடு. வந்தவங்களைக் காக்க வைக்கக் கூடாது," என்றார் அப்பா.

கொழும்பு அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குள்ள சரிவரணும். பொழுதுபட்டா செக்பாயின்ட்ல நிப்பாட்டிருவாங்க. கார் ஓடலன்னு, ஐடென்டிட்டி காட் இல்லாத பிள்ளைய ட்ரெய்ன்ல கூட்டிட்டுப் போய் நான் யாருக்குப் பதில் சொல்றது? ஏலாதுன்னா நான் தனியாப் போறேன். பக்கத்துத் தோட்டத்துல ஒரு பிள்ளை தயாரா இருக்கு. அடுத்த கிழமை அதைக் கூட்டிக்கிறேன்."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

மாமா பொனட்டைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, அந்தக் கறுப்புச் சாமானின் பிளக்கை உருவினார். விக்கல் குறைந்தது. நான் மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் அக்கா மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள். கோப்பையைக் கொடுக்கும்போது குனிந்து ஏதோ கேட்டாள். சீனி காணுமா, இன்னும் போடவா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். மாமா கோப்பையைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தார். குடித்து முடித்து, பிளக்கைத் திரும்பப் பூட்டி, பொனட்டை மூடினார்.

"இது கம்பியூட்டர் கோளாறும்மா. சாமான் கொழும்புலதான் கிடைக்கும். இன்னைக்கு ஏலாது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்கு மறந்துவிட்டதா? கொழும்பு அம்மாவைக் கண்டு பயந்துவிட்டாரா? எல்லாருக்கும் முன்னால் அவரைத் திருத்துவது மரியாதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு எப்போதும் கூச்சம் அதிகம். பேசுவதை விடச் செய்வது எனக்கு லேசு.

அம்மா எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார். மாமாவின் பை வெளியே கிடந்தது. ஸ்க்ரூட்ரைவரும் அந்த ஸ்ப்ரேயும் அதற்குள் இருந்தன. டிரைவர் அண்ணன் மட்டும் பலாமரத்தடியில் படுத்திருந்தார்.

"மல்லி, என்ன செய்ற?" என்று அங்கிருந்தே கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"மாமா செய்யச் சொன்னாரு," என்றேன். அதுதான் அன்று நான் சொன்ன ஒரே பொய்.

பிளக்கை அமுக்கி இழுத்தேன். இரண்டு ஸ்க்ரூ. சாமான் கையில் வந்தது. கம்பியில் சாம்பல் நிறத்தில் புழுதி படிந்திருந்தது. தள்ளிப் பிடித்து, நாலு தடவை அடித்தேன். அழுக்கு சொட்டுச் சொட்டாக இறங்கியது. அலுமினியத் தட்டு ஒன்றில் நிழலில் வைத்துவிட்டு, டிரைவர் அண்ணனிடம் மணி கேட்டேன். ஒன்று பத்து.

அப்போது அக்கா, லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து நிறைந்த குடத்தோடு வந்தாள்.

"என்னடா அது?"

"கார்ல உள்ளது. மாமாவுக்கு ஏலாம போச்சுல்ல? நான் செஞ்சிட்டேன். காஞ்சா வண்டி ஓடும், பாரு!"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காயலன்னா?"

"ஈரம் பட்டா கம்பி செத்துரும். அப்புறம் ஒண்ணுமே செய்ய ஏலாது. தள்ளி நில்லு, தண்ணி தெறிச்சிரும்."

குடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டு அவள் காலடியில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சொட்டு தட்டில் படாமல் சுற்றிப் போனாள். போகும்போது என் மூக்கைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள்.

ஒன்று இருபத்தைந்துக்குப் பூட்டினேன். டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு விக்கல் இல்லாமல் பூனை மாதிரி உறுமியது. "ஹரி, மல்லி, ஹரி!" சரியாகிவிட்டது என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

சோற்றுக் கையோடு எல்லாரும் வெளியே வந்தார்கள். அப்பா என்னைத் தூக்கினார். அதற்கு முன் அவர் என்னைத் தூக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. கொழும்பு அம்மா ஒரு பிஸ்கட் பக்கெட் கொடுத்து, "இவனுக்குப் படிப்பு எதுக்கு? எல்லாம் கையிலயே இருக்கே!" என்றார். அப்பா அதை மறக்கவே இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னைக் கராஜில் கொண்டுபோய் விட்டார்.

அம்மா மட்டும் உள்ளேயே இருந்தார். பிறகு வந்து அக்காவின் தலையை இன்னொரு தடவை வாரிப் பின்னிவிட்டார். அக்கா எல்லார் காலிலும் விழுந்து கும்பிட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். கார் வளைவு திரும்பும்வரை ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. அந்த ஓட்டத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கவில்லை.

மாமா அடிப்பார் என்று பயந்தேன். அவர் பையில் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"எவ்வளவு நேரம் காய விட்ட?"

"பதினஞ்சு நிமிஷம், மாமா."

"ம். சரியாத்தான் செஞ்சிருக்க."

அவ்வளவுதான். அன்று பின்னேரம் மாமா சொல்லாமல் டவுனுக்குப் போய்விட்டார். அம்மா எனக்குச் சோறு போட்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா லயம் முழுக்க என் கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தார். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று யாரிடம் கேட்பது? பிஸ்கட்டில் பாதியை அக்காவுக்கு எடுத்து வைத்தேன். எறும்பு தின்றது.

அக்காவை அந்த வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தீபாவளிக்கு வருவாள், இரண்டு நாளில் போய்விடுவாள். பதினொரு வருஷம் அப்படி. கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்," என்பாள். கலியாணம் முடித்து இப்போது கலேவெல பக்கம் இருக்கிறாள். மாமாவோடு இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கராஜில் வேலை செய்தேன். அந்த சென்சரை எத்தனை காரில் கழுவியிருப்போம்! அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

போன மாதம் மாமா தவறிப்போனார். பதினாறாம் நாளுக்கு அக்கா வந்திருந்தாள். எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குனிந்து, சீனி காணுமா என்று கேட்டாள். அப்போதுதான் கேட்க வாய் வந்தது.

"அன்னைக்கு மாமாகிட்ட என்னா சொன்ன?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"'வண்டியச் செய்யாதீங்க மாமா'ன்னு சொன்னேன்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "குடத்தோட நின்னியே. ஒரு சொட்டு போதுமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுகிறாளோ என்றும் இருந்தது.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியேடா."

இதை அவளிடம் கொடுக்கப் போகிறேன். பிழைகளை அவள் திருத்தட்டும்.

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.