பெண்கள் பிரிவில் ஒருத்தி

சைக்ளோகிராஸ் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வருபவள் என்பதால் சைக்கிள் கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும். ஒருமுறை டயர் மாற்றப் போனபோது, "ரோட்டில ஓட்டினது போதும் மேடம், சேத்துல ஓட்டிப் பாருங்க" என்று இந்தியில் சொன்னார்.

அது குளிர்காலத்துப் பந்தயம். வெட்டவெளியில் புல்லும் மணலும் சேறுமாக ஒரு சிறிய சுற்றுப்பாதை போட்டிருப்பார்கள். அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். குறுக்கே பலகைகள் நட்டிருக்கும். ஓட்டத்திலேயே குதித்திறங்கி, சைக்கிளைத் தூக்கித் தாண்டி, மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். மிதித்து ஏற முடியாத மேடு வந்தால் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். தில்லிக் குளிரில் மழை ஏது? முதல் நாளே டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டிச் சேறாக்கி வைப்பார்கள். இதைச் சொன்னபோது எங்கள் செக்‌ஷனில் சிரிக்காதவர்கள் இல்லை.

நான் திருநெல்வேலிக்காரி. பரீட்சை எழுதி, மத்திய அரசு வேலை கிடைத்து, இருபத்துச் சொச்சம் வயதில் இங்கே வந்தேன். அப்பா போன பிறகு அம்மா பாளையங்கோட்டையில் தம்பியோடு இருக்கிறாள். எனக்கு வரன்கள் வந்தன, பிறகு வருவது நின்றது. அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தான் ரொம்ப நீளமாக இருந்தன.

முதல் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யமுனைக் கரையோரம். ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். பெண்கள் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். இன்னொருத்தி என் வயதுக்காரி, இமயமலைப் பக்கத்து உயரமான கட்வாலிப் பெண், ராணுவ அதிகாரியின் மனைவி, கண்டோன்மென்டில் வீடு. வாசல்படியைத் தாண்டுவதுபோல அவள் பலகைகளைத் தாண்டினாள். நான் முதல் பலகையிலேயே முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். ஒருவழியாக முடித்து வந்தபோது அவள் கார் டிக்கியைத் திறந்துபோட்டு அதில் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஆவோ, சாய் பியோ" என்றாள்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இஞ்சி தூக்கலாகப் போட்ட டீ.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. எங்கே பிரேக் பிடிக்கிறாள், இறங்கும்போது எந்தக் காலை முதலில் எடுக்கிறாள், மேட்டில் எப்படிக் குனிகிறாள் என்று அவளுக்குப் பின்னால் ஓட்டியே நான் எல்லாம் கற்றுக்கொண்டேன். குவார்ட்டர்ஸ் பார்க்கில் செங்கல்மேல் கட்டையை வைத்துத் தாண்டிப் பழகினேன். அங்கே வாக்கிங் வரும் ரிட்டயர்ட் அண்டர் செக்ரட்டரி ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னம்மா இது, சர்க்கஸா?"

"ரேஸுக்குப் பழகறேன் சார்."

"நல்லா பழகு. ரிட்டயர் ஆனப்புறமும் முழங்கால் வேணும், அதையும் ஞாபகம் வெச்சுக்கோ."

கட்வாலிக்காரியும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒருமுறை அவள் கேட்டாள்: "உன் வீட்டிலேருந்து யாரும் பாக்க வரமாட்டாங்களா?"

"இங்க யாரும் இல்ல. உங்க வீட்டுல?"

"அவர் பார்டர்ல. பையன் ஹாஸ்டல்ல."

டீயைக் குடித்துவிட்டுச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தோம். போன் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த பந்தயத்தில் எப்படியும் பார்க்கத்தானே போகிறோம்.

இரண்டாவது குளிர்காலத்தின் கடைசிப் பந்தயத்தில், மேட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவளை எட்டிப் பிடித்துவிட்டேன். தோளுக்குத் தோள் ஓடினோம். அவள் திரும்பிப் பார்த்து, "அரே, ஆ கயீ! வந்துட்டியே!" என்று மூச்சிரைக்கச் சிரித்தாள். கடைசியில் ஒரு சக்கர அளவு முந்தினாள். பிளாஸ்கை மூடும்போது, "அடுத்த வருஷம் நீதான் ஜெயிப்பே" என்றாள்.

அந்தக் கோடை முழுக்க விடியற்காலையில் எழுந்து ஓட்டினேன். அனல் காற்று கிளம்புவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். அவளை முந்துவது எப்படி இருக்கும் என்று ஃபைல் பார்க்கும்போதுகூட நினைத்துக்கொள்வேன்.

நவம்பர் பந்தயம் காற்றில் மாசு அதிகம் என்று தள்ளிப்போனது. டிசம்பரில் ஒரு பனிமூட்டக் காலையில் நடந்தது. நான் கண்டோன்மென்ட் காரைத் தேடிக்கொண்டிருந்தேன். பந்தயம் நடத்துகிறவர், தாடிக்காரர், மெகாபோனை இடுக்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், லேடீஸ்ல இன்னிக்கு நீங்க மட்டும்தான்."

"அவங்க?"

"ஹஸ்பெண்டுக்குப் போஸ்டிங் வந்திருச்சு. ஃபேமிலியோட அஸ்ஸாம் போயிட்டாங்க, ஜூலைலயே."

ஜூலையில் நான் அவளுக்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மட்டும் தனியாக விசில் ஊதினார். ஒரே ஆளாகக் கிளம்பினேன். முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை. பலகைகளை ஒருமுறைகூட இடறாமல் தாண்டினேன். மேட்டில் ஓடும்போது என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பனியில் எல்லைக்கோட்டுக் கொடி கிட்டே போன பிறகுதான் தெரிந்தது.

பரிசு கொடுக்க மூன்று பெட்டிகள் வைத்திருந்தார்கள், நடுவில் உயரமானது. அதில் என்னை ஏறச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் காலிப் பெட்டிகள். போட்டோ எடுக்கிறவர், "மேடம், ஸ்மைல்!" என்றார். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இன்னைக்கு ஜெயிச்சுட்டேன்."

"எதுலட்டி?"

"சைக்கிள் பந்தயத்துல. ஃபர்ஸ்ட்."

"அப்படியா! எத்தன பேரு ஓட்டுனாவ?"

"நான் ஒருத்திதான்."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது. அம்மா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "பொறவு எதுக்குட்டி இப்படி மூச்சு வாங்க ஓட்டுன? மெல்லமா போயிருக்கலாம்லா?"

ஷூவில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினேன். "சரி, சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

தாடிக்காரரிடம் கட்வாலிக்காரியின் நம்பரை வாங்கினேன். ஒரு வாரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டேன். யார் என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சந்தோஷப்பட்டாள். அங்கே பந்தயம் எதுவும் இல்லையாம், சைக்கிள் இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறதாம். "ஜெயிச்சியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாரும் இல்லாமல் ஜெயித்தேன் என்று சொல்லவில்லை. "நான் சொன்னேன்ல!" என்றாள். அதன்பின் குளிர் எப்படி, மழை எப்படி என்று ஆளுக்கொன்று கேட்டோம். சேறும் பிளாஸ்கும் இல்லாமல் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. "அச்சா, ரக்தீ ஹூன், வெச்சிடறேன்" என்று அவள்தான் முதலில் சொன்னாள். மறுபடி நான் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

ஜனவரிப் பந்தயத்தில் என்னை ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டேன். தாடிக்காரர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். நல்ல களைப்பு. வீடு வந்து, சைக்கிளைக் கழுவி, தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

விழித்தபோது ஜன்னலில் மங்கலான வெளிச்சம். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. திங்கட்கிழமை காலை, லேட்டாகிவிட்டது என்று பதறி எழுந்தேன். அவசரமாகக் குளித்து, புடவை கட்டி, ஸ்வெட்டர் மாட்டி, பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கேட்டில் காவல்காரர் தீமூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

"கஹான் ஜா ரஹீ ஹைன், மேடம்ஜி?"

"ஆபீஸ்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆஜ் தோ சண்டே ஹை. ஷாம் ஹோ கயீ."

இன்னும் அதே ஞாயிற்றுக்கிழமைதான், சாயங்காலம். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. ஆபீஸ் பையோடு திரும்ப மாடியேறக் கூச்சமாக இருந்தது. ஏதோ வாங்கத்தான் கிளம்பினேன் என்பதுபோல மார்க்கெட் பக்கம் நடந்து, ஒரு கிலோ பச்சைப் பட்டாணி வாங்கிவந்து, கட்டிய புடவையோடேயே உட்கார்ந்து உரித்தேன்.