வெள்ளையாகத் தெரிந்த நீலம்

வியர்த்துக் கொட்டும் இந்தப் பினாங்கில் நான் முதலில் வாங்கிய துணி ஸ்வெட்டர். வெளியே சட்டை முதுகோடு ஒட்டுகிறது. கெலுகோரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குள் ஏசி குளிரில் பல் தந்தியடிக்கிறது. விருதுநகரில் ஸ்வெட்டர் போட்டால் காய்ச்சலா என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

என் பிழைப்பு நீலத்தோடு. கைப்பேசித் திரையில் ஒளிரும் ஓஎல்இடி புள்ளிகளில் சிவப்பும் பச்சையும் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள். நீலம் அப்படியல்ல. கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும். திறனைக் கூட்டலாம் என்று கலவையை மாற்றினால் பளிச்சென்று எரியும், சீக்கிரமே செத்தும் போகும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான். பக்கத்து மேசையில் சீன மாணவி ஒருத்தியின் பச்சை மாதக்கணக்கில் எரிகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

"இன்னும் அந்த புளூவோடதான் மல்லுக்கட்டுறீங்களா தம்பி? போய் நாசி கண்டார் சாப்பிட்டு வந்து பாருங்க லா, அது எங்கயும் ஓடிறாது" என்பார் ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் மேரி அக்கா. ஓடத்தானே செய்கிறது அக்கா என்று வாய்வரை வரும்.

இந்த முறை ஓடவிட முடியாது. புதுக் கலவை வெள்ளிக்கிழமை வரை பாதி வெளிச்சத்துக்குக் கீழே இறங்காமல் தாங்கினால் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். நீட்டித்தால் மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும். அங்கே இந்த வேலைக்கு ஆள் தேடுவார் யாருமில்லை.

வியாழன் மாலை. நீலம் இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷம் பொறுக்காமல் வீட்டுக்கு வீடியோவில் அழைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்த மகளுக்குக் காட்டலாம் என்று சோதனைப் பெட்டியின் கண்ணாடியருகே கைப்பேசியைப் பிடித்தேன்.

"எங்கப்பா நீலம்? வெள்ளையால்ல இருக்கு."

கேமராவுக்கு அந்த வெளிச்சம் அதிகம், நீலம் வெளுத்துவிடுகிறது. கரண்டைக் கொஞ்சம் குறைத்தால் போதும், பார்த்துவிடுவாள். குறைத்தால், ஒரே கரண்டில் ஓட வேண்டிய சோதனை கெட்டது, எல்லாம் முதலிலிருந்து. குமிழ் வரை போன கையை இழுத்துக்கொண்டேன்.

"நீலம்தாம்மா. அங்க அப்படித் தெரியுது."

"வெள்ளை லைட்டு நம்ம வீட்லயே இருக்குல்ல. அதுக்கு எதுக்குப்பா அங்க போய் இருக்கீங்க?"

பின்னாலிருந்து மனைவி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கைப்பேசியை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு மகள் விளையாடப் போய்விட்டாள். திரையில் ஆளில்லாத எங்கள் வீட்டுச் சுவர். கைப்பேசிக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குள், நான் மட்டும் பார்க்க நீலம் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.